சுவருக்கு அப்பாலும் ஒரு வீடு



நம் வீடுகளுக்குள் தொலைக்காட்சி நுழைந்த நாள் முதல் நாம் ஒரே வினாவைத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறோம். இது கூடுமா, கூடாதா? ஆலிம்கள் பேசியிருக்கிறார்கள். மேடைகளில் விவாதங்கள் நடந்திருக்கின்றன. குடும்பங்களுக்குள் மனத்தாங்கல்கூட உண்டாகியிருக்கிறது. உருவங்களைப் பற்றியும் இசையைப் பற்றியும் உள்ள அந்தக் கருத்து வேறுபாட்டை இங்கே நான் தொடப் போவதில்லை. அதைப் பேசுவதற்குரியவர்கள் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது, அந்த விவாதத்தின் இரைச்சலில் நம் காதில் விழாமலே போன வேறொரு வினாவைப் பற்றி.

இன்று புதிதாக வீடு கட்டுவோர், பூச்சு வேலைக்கு முன்பே ஹாலின் நான்கு மூலைகளிலும் ஹோம் தியேட்டருக்கென்று ஒயர் பதித்துவிடுகிறார்கள். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வருவோரின் பெட்டிகளில், ஒரு காலத்தில் டேப் ரெக்கார்டர் இருந்த இடத்தில் இப்போது ஸ்பீக்கர்கள் இருக்கின்றன. கடைக்குச் செல்பவர், எத்தனை வாட், 5.1 போதுமா, 7.1 வேண்டுமா, அட்மாஸ் உண்டா, எத்தனை மாதத் தவணை என்றெல்லாம் விசாரிக்கிறார். மார்க்கப் பற்றுள்ளவர், இதில் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்றும் யோசிக்கிறார். ஆனால், "இதன் ஒலி என் சுவரைக் கடந்து யாருடைய வீட்டுக்குள் போகும்?" என்று கேட்பவரை நான் இதுவரை கண்டதில்லை. நானும் கேட்கவில்லை.

அந்த வினாவுக்கு விடை காணாமல் வாங்கி வைக்கப்படும் ஹோம் தியேட்டர், அதில் திருக்குர்ஆன் ஓதலைத் தவிர வேறெதுவும் ஒலிக்காவிட்டாலும், அண்டை வீட்டாரின் ஹக்கைப் பறிக்கும் கருவியாகிவிடும். இதுவே என் வாதம். கடுமையான வாதம் என்பதை அறிவேன். ஆனால் அதை நான் புத்தகத்திலிருந்து கற்றுக்கொள்ளவில்லை.

என் வீட்டில் நடந்தது

எங்கள் தெருவில் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியவை. எனக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரே சுவர். சில ஆண்டுகளுக்கு முன்பு என் மச்சான் வெளிநாட்டிலிருந்து வந்தபோது, ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு பெரிய சப்வூஃபரும் கொண்ட தொகுதி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். சப்வூஃபரை எங்கே வைப்பதென்று பார்த்தோம். ஹாலின் மூலையில், அந்தப் பொதுச் சுவரை ஒட்டி இடமிருந்தது. அங்கேயே வைத்தோம். எங்கள் வீட்டில் திரைப்படம் ஓடுவதில்லை. பயான்கள், ஹரமைன் தொழுகை நேரலை, கடலையும் விண்வெளியையும் பற்றிய ஆவணப்படங்கள், இவ்வளவுதான். ஆகவே மனத்தில் எந்த உறுத்தலும் இல்லை. சொல்லப்போனால் ஒரு பெருமிதமே இருந்தது.

ரமளான் வந்தது. தராவீஹ் முடிந்து வந்ததும் பிள்ளைகளோடு அமர்ந்து ஒரு மணி நேரம் பயான் கேட்பது வழக்கமாயிற்று. ஒருநாள் மாலை, நோன்புக் கஞ்சி கொடுப்பதற்காக அடுத்த வீட்டுக்குப் போனேன். என் மகன் எங்கள் வீட்டில் ஏதோ ஒரு காணொளியை ஓடவிட்டிருந்தான். அந்த வீட்டு அலமாரியில் அடுக்கியிருந்த பீங்கான் கோப்பைகள் கிணுகிணுத்துக்கொண்டிருந்தன. பேச்சு தெளிவாகக் கேட்கவில்லை. சுவருக்குள் யாரோ நெல் குற்றுவதுபோல் 'தும், தும்' என்ற அதிர்வு மட்டுமே கேட்டது. உள்ளறையில் அந்த வீட்டுப் பெரியவர் படுக்கையில் இருந்தார். அவர் நோயாளி என்பது எனக்குத் தெரியும். அவருடைய கட்டில் அந்தச் சுவரை ஒட்டிக் கிடந்தது என்பதுதான் தெரியாது.

"மாமி, இவ்வளவு நாளா ஏன் ஒரு வார்த்தை சொல்லல?" என்று கேட்டேன்.

"நல்ல விஷயந்தானே தம்பி ஓடுது. அத எப்படி நிறுத்தச் சொல்றது?" என்றார்கள்.

அன்றிரவே சப்வூஃபரை அணைத்தேன். ஆனால் பெரியவர் அந்த ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்பே வஃபாத்தாகிவிட்டார். மாமியிடம் மன்னிப்புக் கேட்டேன். மன்னித்தார்கள். உறக்கத்தை இழந்த மனிதரிடம் நான் கேட்கவில்லை. கஞ்சி கொண்டுபோன அன்றே உள்ளறைக்குப் போய்க் கேட்டிருக்கலாம். வெட்கம் தடுத்தது. பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். அடியானுக்கும் அடியானுக்கும் இடையிலான ஹக்கில் பாதிக்கப்பட்டவரின் மன்னிப்பும் தேவை என்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்தவன் நான்.

மாமியின் அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றிப் பலமுறை யோசித்திருக்கிறேன். என் வீட்டில் சினிமாப் பாட்டு ஓடியிருந்தால் முதல் வாரத்திலேயே சுவரைத் தட்டியிருப்பார்கள். பயான் ஓடியதால்தான் வாய் திறக்கவில்லை. என் மார்க்கப் பற்று அவர்களின் வாயை அடைத்துவிட்டது. நன்மையின் பெயரால் செய்யப்படும் தொல்லைக்கு எதிராக முறையிடுவது எவ்வளவு கடினம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை. அண்டை வீட்டார் மாற்று மதத்தவராக இருந்தால் அது இன்னும் கடினம். அவர் சொல்ல நினைப்பது ஒலியைப் பற்றி. ஆனால் அது மார்க்கத்தைப் பற்றியதாக எடுத்துக்கொள்ளப்படுமோ என்று அஞ்சி மௌனமாகிவிடுவார்.

ஸலாமுக்கும் ஓர் அளவு

இறைத்தூதர் (ஸல்) அவர்கள் இரவில் வீடு திரும்பும்போது எப்படி ஸலாம் சொல்வார்கள் என்பதை மிக்தாத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. விழித்திருப்பவருக்குக் கேட்கும், உறங்குபவரை எழுப்பாது. அந்த அளவில்தான் அந்த ஸலாம் இருந்தது. ஸலாம் ஒரு துஆ. அதைவிட நல்ல சொல் எது? அந்தச் சொல்லுக்கே உறங்குபவரைக் கருதி ஓர் அளவு வைத்தார்கள் நபியவர்கள்.

மற்றொரு செய்தி அபூதாவூதில் உள்ளது. பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருந்த நபியவர்கள், சிலர் உரத்த குரலில் ஓதுவதைக் கேட்டார்கள். திரையை விலக்கி, நீங்கள் ஒவ்வொருவரும் உங்கள் இறைவனோடு உரையாடிக்கொண்டிருக்கிறீர்கள், ஆகவே ஒருவரையொருவர் துன்புறுத்த வேண்டாம் என்ற கருத்தில் அறிவுறுத்தினார்கள். ஓதப்பட்டது அல்லாஹ்வின் வேதம். ஓதிய இடம் அல்லாஹ்வின் இல்லம். அப்படியிருந்தும், குரலை உயர்த்தியதால் விளைந்த தொல்லைக்குத் 'துன்புறுத்தல்' என்றே பெயர் சூட்டப்பட்டது.

தொழுகையில் குரலை மிக உயர்த்தாமலும் மிகத் தாழ்த்தாமலும் இடைப்பட்ட வழியைக் கைக்கொள்ளுமாறு திருமறை கற்பிக்கிறது (17:110). குரலைத் தாழ்த்துமாறு லுக்மான் (அலை) தம் மகனுக்கு உபதேசித்ததையும் அது எடுத்துரைக்கிறது (31:19). உறவினரான அண்டை வீட்டாருக்கும் அந்நியரான அண்டை வீட்டாருக்கும் நன்மை செய்யச் சொல்கிறது (4:36). எவருடைய தீங்கிலிருந்து அவரது அண்டை வீட்டார் பாதுகாப்புப் பெறவில்லையோ அவர் ஈமான் கொண்டவரல்லர் என்று நபியவர்கள் மும்முறை ஆணையிட்டுச் சொன்ன செய்தி புகாரியில் உள்ளது. தொழுகையும் நோன்பும் தர்மமும் நிறைந்த ஒரு பெண்மணி, அண்டை வீட்டாரை நாவினால் துன்புறுத்தியதால் நரகத்திற்குரியவர் என்று சொல்லப்பட்ட செய்தி அஹ்மதில் பதிவாகியுள்ளது. அவர் துன்புறுத்தியது தம் ஒரு நாவினால். நாமோ ஆறு பெட்டிகளால் துன்புறுத்துகிறோம்.

சுவர் எதைத் தடுக்கிறது, எதைத் தடுப்பதில்லை

"எங்கள் வீட்டுச் சுவர் ஒன்பது அங்குலச் சுவர், ஒன்றும் கேட்காது" என்பார்கள் சிலர். நானும் அப்படித்தான் நம்பினேன். எந்த ஒலியைச் சுவர் தடுக்கும் என்பதை அறிந்தால் அந்த நம்பிக்கை நிலைக்காது.

ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் வேகத்தில் செல்கிறது. 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஒரு முழத்திற்கும் குறைவு. சப்வூஃபர் எழுப்பும் 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளமோ எட்டரை மீட்டருக்கு மேல். நம்மில் பலருடைய ஹாலைவிட நீளம். கனமான சுவர் உயர்ந்த ஒலியை நன்றாகத் தடுக்கும். ஆனால் ஒலியின் அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும் சுவரின் தடுப்பு ஏறத்தாழ 6 டெசிபல் குறையும் என்பது ஒலியியலில் பொது விதி. 1,000 ஹெர்ட்ஸிலிருந்து நான்கு முறை பாதியாக்கினால் 62 ஹெர்ட்ஸ் வருகிறது. பேச்சொலியைத் தடுத்த அதே சுவர், அந்தக் கனத்த ஒலிக்கு 24 டெசிபல் குறைவாகத் தடை செய்கிறது. அதனால்தான் அடுத்த வீட்டில் பயானின் சொற்கள் கேட்காமல் 'தும், தும்' மட்டும் கேட்டது. நன்மையெல்லாம் என் வீட்டிலேயே தங்கிவிட்டது. அதிர்வு மட்டும் அவர்கள் வீட்டுக்குப் போயிற்று.

சுவரில் ஒட்டும் நுரைப் பலகைகளைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அவை உங்கள் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும். உங்களுக்குத் தெளிவாகக் கேட்கும். சப்வூஃபரின் ஒலி அடுத்த வீட்டுக்குச் செல்வதை அவை தடுப்பதில்லை. தரைவிரிப்பும் திரைச்சீலையும் அப்படியே.

சட்டமும் முழுமையாகக் காப்பாற்றாது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்துள்ளன. தனியார் ஒலிக்கருவியின் ஓசை, அவருடைய இடத்தின் எல்லையில் அந்த வரம்பை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக் கூடாது. ஆனால் அந்த அளவீடு மனிதச் செவியின் உணர்திறனுக்கேற்பத் திருத்தப்பட்டது. அதில் 50 ஹெர்ட்ஸ் ஒலி, உள்ளதைவிட ஏறத்தாழ 30 டெசிபல் குறைத்தே கணக்கிடப்படும். ஆகவே கருவியின் முள் வரம்புக்குள் நிற்கையிலும் அடுத்த வீட்டுக் கட்டில் அதிரலாம். சட்டத்திற்கு உட்பட்டிருக்கிறோம் என்பது மஹ்ஷரில் போதுமான பதிலாகாது.

சொல்லப்படும் சமாதானங்கள்

"அவர்கள் ஒன்றும் சொல்லவில்லையே" என்பது முதல் சமாதானம். மாமியும் சொல்லவில்லை. மௌனத்தைச் சம்மதம் என்று நாமே முடிவு செய்துகொள்வது நியாயமில்லை. பச்சிளங் குழந்தையைத் தூங்கவைக்கப் போராடும் தாயும், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையும், இரவுப் பணி முடிந்து பகலில் உறங்கும் உழைப்பாளியும், இத்தாவில் இருக்கும் பெண்மணியும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டி வழக்குரைக்க வரமாட்டார்கள்.

"திருமண வீட்டுக்காரர் நள்ளிரவு வரை ஒலிபெருக்கி வைக்கிறார், அவரை யாரும் கேட்பதில்லை" என்பது அடுத்த சமாதானம். அது உண்மைதான். அவரையும் கேட்க வேண்டும். நம் வீட்டுத் திருமணங்களிலேயே அதைத் தொடங்க வேண்டும். ஆனால் ஒருவர் செய்யும் அநியாயம் மற்றவருக்கு உரிமைச் சீட்டாகாது. மேலும் திருமணம் ஒருநாள். ஹோம் தியேட்டர் ஆண்டு முழுவதும்.

"என் வீடு, என் பணம், என் விருப்பம்" என்பது இன்னொன்று. வீடு உங்களுடையது. அதில் ஐயமில்லை. அடுத்த வீட்டின் உறக்கம் உங்களுடையதன்று.

"பயான் கேட்கத்தானே வாங்கினோம்?" என்பதே நம்மவர்கள் மிகுதியாகச் சொல்லும் சமாதானம். மனிதப் பேச்சு தெளிவாக விளங்குவதற்கு வேண்டிய ஒலியெல்லாம் ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸுக்கு மேலேயே அடங்கிவிடுகிறது. சப்வூஃபருக்கு வழக்கமாக ஒதுக்கப்படுவது 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலி. அதை முழுவதுமாக அணைத்துவிட்டாலும் பயானில் ஒரு சொல்கூடத் தொலையாது. கிராஅத்தும் தெளிவாகவே கேட்கும். ஆகவே பயான் கேட்க வாங்கினேன் என்பவருக்கு சப்வூஃபர் தேவையே இல்லை. தேவையில்லாததை வாங்கி, அதற்கு மார்க்கத்தைக் காரணம் காட்டியவர்களில் நானும் ஒருவன்.

வாங்குவதாயின்

நான் வாங்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்றைய மெல்லிய தொலைக்காட்சிகளில் ஸ்பீக்கர்கள் மிகச் சிறியவை. பெரும்பாலும் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ அமைந்தவை. காது மந்தமான பெற்றோருக்குப் பேச்சு விளங்குவதில்லை. நல்ல ஸ்பீக்கர் என்பது அவர்களுக்குத் தேவையாகவே இருக்கலாம். அப்படியாயின் சிலவற்றைக் கருத்தில் கொள்ளுங்கள்.

முதலில் பேச்சொலி. பலவழி ஒலி அமைப்பில் உரையாடல் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரிலிருந்தே வருகிறது. ஆகவே முதியவர்கள் உள்ள வீட்டில், தனியாக நடு ஸ்பீக்கர் கொண்ட ஒரு சவுண்ட்பாரோ, தரமான இரண்டு ஸ்பீக்கர்களோ போதுமானவை. தொலைக்காட்சியின் ஹெச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி. துளையில் ஒரே ஒயரால் சவுண்ட்பாரை இணைத்துவிடலாம்.

அடுத்து வாட் கணக்கு. பெட்டியின் மீது பெரிதாக அச்சிட்டிருக்கும் பி.எம்.பி.ஓ. எண்ணுக்குப் பொருளே இல்லை. ஆர்.எம்.எஸ். எவ்வளவு என்று கேளுங்கள். அதிலும், ஆற்றல் இருமடங்கானால் ஒலி 3 டெசிபல் மட்டுமே உயரும். இருமடங்கு உரத்துக் கேட்க ஏறத்தாழ பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். 100 வாட்டுக்கும் 200 வாட்டுக்கும் விலையில் உள்ள வேறுபாடு காதில் கேட்காது. சாதாரண ஹாலில் நாம் பேச்சு கேட்கும்போது செலவாவது பெரும்பாலும் ஓரிரு வாட்தான். மீதியெல்லாம் விருந்தாளிகளிடம் சொல்லிக்கொள்வதற்கு. வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று அழைக்கும் வசனம் (17:27) நாம் அறியாததன்று.

தவணையில் வாங்குவோர், 'வட்டியில்லாத் தவணை' என்ற விளம்பரத்தை அப்படியே நம்பிவிட வேண்டாம். பெரும்பாலும் வங்கி வட்டி போடுகிறது. அந்தத் தொகையை விற்பனையாளர் தள்ளுபடியாகக் கழிக்கிறார். ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு, உங்கள் ஆலிமிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

5.1 அமைத்தே தீருவதென்றால் முறையாக அமையுங்கள். நடு ஸ்பீக்கர் நேர் எதிரே. முன் ஸ்பீக்கர்கள் இரண்டும் நீங்கள் அமரும் இடத்திலிருந்து இருபுறமும் 30 பாகையில். பக்க ஸ்பீக்கர்கள் சற்றே பின்தள்ளி 100 முதல் 120 பாகைக்குள். முன்னுள்ளவை காது உயரத்தில். இடம் சரியாக இருந்தால் குறைந்த ஒலியிலேயே எல்லாம் தெளிவாகக் கேட்கும். இடம் தவறினால்தான் ஒலியைக் கூட்டத் தோன்றும்.

சப்வூஃபர் இருந்தே தீர வேண்டுமானால், அதைப் பொதுச் சுவரை ஒட்டியும் மூலையிலும் வைக்காதீர்கள். மூலை அதன் ஒலியை மேலும் பெருக்கும். அடுக்குமாடியில் இருந்தால் அதன் அடியில் தடித்த ரப்பர் மெத்தை இடுங்கள். தரை வழியே கீழ்வீட்டுக்கு இறங்கும் அதிர்வு ஓரளவு குறையும். ஆனாலும் காற்று வழியே செல்வது குறையாது. ஆகவே இஷாவுக்குப் பின் அதை அணைத்துவிடுவதே சரி. பெரும்பாலான கருவிகளில் 'நைட் மோட்' என்றொரு வசதி உண்டு. உரத்த ஒலியைத் தாழ்த்தி, மெல்லிய பேச்சை உயர்த்திக் கொடுக்கும். அதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கடைசிச் சோதனை

எல்லாவற்றையும் பொருத்தி முடித்ததும், கடைக்காரர் உங்களை ஸோஃபாவில் உட்காரவைத்து ஒலியைக் கூட்டிக் காட்டுவார். அந்தச் சோதனை பாதிதான். மீதிப் பாதி அடுத்த வீட்டில் இருக்கிறது. ஏதேனும் ஒரு தின்பண்டத்தை எடுத்துக்கொண்டு அங்கே செல்லுங்கள். வீட்டில் பெண்கள் மட்டும் இருந்தால் உங்கள் தாயாரையோ மனைவியையோ அனுப்புங்கள். "புதிதாக ஒன்று வாங்கியிருக்கிறோம், உங்களுக்குத் தொந்தரவாக இருக்கிறதா என்று பார்க்க வந்தோம்" என்று சொல்லி, அவர்கள் படுக்கும் அறை எது என்று கேட்டு, அங்கே சற்று நேரம் அமைதியாக நில்லுங்கள். உங்கள் மகன் வீட்டிலிருந்து ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டட்டும். அங்கே முதல் அதிர்வு உணரப்படும் எண்ணுக்குக் கீழே உங்கள் எல்லையைக் குறித்துக்கொள்ளுங்கள். பல கருவிகளில் அந்த எண்ணுக்கு மேல் ஒலி ஏறாதபடி வரம்பு வைத்துவிடவும் முடியும். வைத்துவிடுங்கள். மாடியிலும் கீழேயும் வீடுகள் இருந்தால் அங்கும் இதையே செய்யுங்கள்.

இதைச் செய்யக் கூச்சமாக இருக்கலாம். ஆனால் அந்த ஒரு நடையால், பின்னாளில் ஒலி மிகுந்தால் வாய்திறந்து சொல்லும் உரிமையை அவர்களுக்கு நீங்களே கையில் கொடுத்துவிட்டு வருகிறீர்கள். நான் அதைக் கொடுக்கவில்லை. அதனால்தான் மாமி ஒரு ரமளான் முழுவதும் மௌனமாக இருக்க நேர்ந்தது.

என் வீட்டில் ஸ்பீக்கர்கள் இன்னும் இருக்கின்றன. சப்வூஃபர் இல்லை. பிள்ளைகள் இப்போதும் பயான் கேட்கிறார்கள். ஒரு சொல்லும் குறையவில்லை. அந்தப் பெரியவருக்காக என்னால் இயன்ற துஆவைச் செய்துவருகிறேன். அது அவருடைய உறக்கத்திற்கு ஈடாகுமா என்பதை அல்லாஹ்வே அறிவான். இதைப் படிக்கும் உங்களுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. உங்கள் அடுத்த வீட்டார் உயிரோடு இருக்கிறார்கள். இன்றே போய்க் கேளுங்கள்.

வல்ல அல்லாஹ், நம் நாவினாலும் கையினாலும் நாம் வாங்கி வைக்கும் கருவிகளாலும் பிறருக்குத் தீங்கு நேராமல் காப்பானாக. அறிந்தும் அறியாமலும் நாம் பறித்துவிட்ட ஹக்குகளை இவ்வுலகிலேயே ஈடுசெய்துகொள்ள நல்லருள் புரிவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.